பேடும் திருநங்கையும்: பால் உணர்த்துஞ் சொற்களின் வரலாறு

தோற்றுவாய்

நடுநாட்டுப் பாடல்பெற்ற திருப்பதிகளுள் ஒன்றாகிய திருவடுகூர் இந்நாளில் திருவாண்டார்கோயில் என வழங்கப்படுகின்றது. அது புதுச்சேரியினின்றும் விழுப்புரஞ் செல்லும் பெருவழியில் உள்ளது. திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிய முதல் திருமுறையில் இத்தலத்திற்குரிய திருப்பதிகம் விளங்குகின்றது. முண்டாசுரனை அழித்த வடுக வைரவர் வழிபட்ட காரணத்தால் வடுகூர் ஆயிற்று என்பது தலவரலாறு. ஈண்டு வடுகன் என்பது இளம் பிரமசாரியை உணர்த்தும் வடசொல்லின் வழிவந்தது. வடபுலத்து மக்களை உணர்த்தும் வடுகர் என்னுஞ் சொல் வேறு. பின்னர் வடுகூர் என்னும் பெயர் பின்னிற்ப, ஆட்கொண்டருளும் இறைவனைச் சுட்டிய ஆண்டார் என்னும் பெயர் முன்னின்றது. இங்ஙனம், சொல் ஒன்றாய்ப் பொருள் வேறாதலும், பொருள் ஒன்றாய்ச் சொல் வேறாதலும் ஆகிய இரண்டும் ஓர் ஊர்ப்பெயரிலேயே காணக் கிடக்கின்றன.

ஊருக்குப் பெயர் மாறுமிடத்து ஊர் வருந்துவதில்லை. மக்கட்குப் பெயர் இடுமிடத்து நிலைமை அன்னதன்று. ஒரு சொல்லால் ஒருவர் மனையுள் வரவேற்கப்படுதலும், மற்றொரு சொல்லால் அவரே தெருவில் துரத்தப்படுதலும் உண்டு. திருவாண்டார்கோயிலைச் சூழ்ந்த இந்நாட்டிலே, வில்லியனூரை அடுத்த பிள்ளையார்குப்பத்துக் கூத்தாண்டவர் கோயிலில் ஆண்டுதோறும் கூடித் தாலி பூணும் ஒரு கூட்டத்தார் உளர். ஆணுடலிற் பிறந்து பெண்மை பூண்ட அவர்களைக் குறித்தற்குத் தமிழில் வழங்கிய சொற்கள் பல. பேடி, பேடு, அலி என்பன பழையன. அரவாணி, திருநங்கை என்பன புதியன. இச்சொற்கள் எந்நிலையில் தோன்றி எந்நிலை எய்தின என்பதும், இழிவு அவற்றுள் எங்கு நுழைந்தது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

பால் என்னுஞ் சொல்

முதற்கண் பால் என்னுஞ் சொல்லின் பொருளை அறிதல் நன்று. பகுப்பு என்பது அதன் முதற்பொருள். பகுக்கப்பட்ட பக்கத்தையும் அது உணர்த்தும். ஆண், பெண் என்னும் பகுப்பை உணர்த்துங்கால் இலக்கணக் குறியீடாம். தொல்காப்பியக் களவியலில் தலைவனையும் தலைவியையும் எதிர்ப்படுத்திக் கூட்டுகின்ற ஊழையும் அச்சொல்லே உணர்த்திற்று. எனவே, ஒருவர் இன்னார் என்னும் பகுப்பும், அவர் நெஞ்சு இன்னாரை நாடும் என்னும் கூட்டமும் ஆகிய இரண்டும் பண்டைத் தமிழில் ஒரு சொல்லினுள் அடங்கி நின்றன என்க. இக்காலத்தார் முன்னதைப் பாலின அடையாளம் என்றும் பின்னதைப் பாலீர்ப்பு என்றும் பிரித்து வழங்குவர். பிரிப்பு புதியது; சொல் பழையது.

வடமொழியிலும் ஆண், பெண், நபுஞ்சகம் என மூன்று இலிங்கம் உண்டு. ஆயின் அவை பெரும்பான்மையும் சொல்லைப் பற்றியன. மனைவி என்னும் ஒரு பொருளையே உணர்த்தும் பார்யா என்பது பெண்ணிலிங்கம். தாரம் என்பது ஆணிலிங்கம். களத்திரம் என்பது நபுஞ்சகம். தமிழில் திணையும் பாலும் பொருளைப் பற்றியன. ஆதலின், ஆணுடலிற் பிறந்து பெண்மை மேற்கொண்டாரை எப்பாலாற் சொல்லுவது என்னும் வினா தமிழிலக்கணத்தார்க்கு ஒதுக்க முடியாத வினாவாயிற்று. அவர்களும் அதனை ஒதுக்காது நூற்பாவில் வைத்து விடை கூறினர்.

இலக்கணநூல் நிலை

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்திலேயே, உயர்திணை இன்னது, அஃறிணை இன்னது என வரையறுத்த சில நூற்பாக்களுக்குள் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். பெண்மை குறித்து ஆண்மை திரிந்தாரை உணர்த்தும் பெயரும், தெய்வத்தை உணர்த்தும் பெயரும் தமக்கெனத் தனி ஈறு இல்லாதன. ஆயினும் உயர்திணையிடத்தவாய், அதற்குரிய பால் ஈறுகளைக் கொண்டு முடியும் என்பது அவர் கருத்து. பின்னும் ஒரு நூற்பாவால், ஆண்மை திரிந்த அப்பெயர் ஆண்பால் ஈற்றை ஏலாது என விலக்கினார். இவற்றிற்கு உரைகண்டோர் பேடி வந்தாள், பேடியர் வந்தார் என எடுத்துக்காட்டுத் தந்தனர்.

இதன்கண் நோக்கற்பாலன இரண்டு. ஒன்று, பேடியும் தெய்வமும் ஒரே நூற்பாவில் உடன்வைத்து எண்ணப்பட்டமை. மற்றொன்று, உடல் ஆணாயினும் ஆண்பால் ஈறு விலக்கப்பட்டுப் பெண்பால் ஈறு கொடுக்கப்பட்டமை. உடலை மட்டும் நோக்கி ஈறு கொடுத்திருப்பின் பேடி வந்தான் என்றே முடிதல் வேண்டும். அங்ஙனம் கூறாமையின், ஈற்றை வரையறுப்பது அவர் மேற்கொண்ட தன்மையே என்பது பெறப்படும்.

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதனை இன்னும் விளக்கினார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவது ஆண்பாலாம். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பாலாம் என்றார். தொல்காப்பியர் ஒரு பக்கத்தைக் கூற, பவணந்தியார் இரு பக்கத்தையும் கூறினார். இக்காலத்தார் திருநம்பி என வழங்குவாரையும் இலக்கணம் அன்றே கண்டிருந்தது என்க. அவாவுதல் என்னும் வினையை அவர் ஆண்டமை பெரிதும் கருதத்தக்கது. அவா உடலுறுப்பின் தொழிலன்று, உள்ளத்தின் தொழில். சங்கர நமச்சிவாயர் உரைசெய்து மாதவச் சிவஞான முனிவர் திருத்திய விருத்தியுரையுடன் இந்நூலைப் பாடங்கேட்டோர் அனைவரும் இந்நூற்பாவைக் கடந்தே சென்றனர்.

அற்றேல், அவ்விரண்டும் அஃறிணை போல முடிதலும் உண்டு என்று அந்நூற்பாவே கூறிற்றே; அது மக்கட்டன்மையை மறுத்தலாகாதோ எனின், ஆகாது. தொல்காப்பியர் பொருளால் உயர்திணையாயினும் சொல்லால் அஃறிணை முடிபு கொள்வனவற்றை ஒரு நூற்பாவில் தொகுத்தார். குடிமை, இளமை, விருந்து, அரசு, குழவி முதலியவற்றோடு தன்மை திரிபெயரும் அதன்கண் எண்ணப்பட்டது; அப்பெயர் அலி என்பது உரை. அரசு வந்தது என்றார் அரசனை இகழ்ந்தாரல்லர். குழவி அழுதது என்ற தாய் குழவியை இகழ்ந்தாளல்லள். சொல்வடிவு பற்றி வந்த முடிபு அது. அலி வந்தது என்பதும் அவ்வகையினதே. அரசனும் குழவியும் உடனிருக்கும் வரிசையில் இகழ்ச்சிக்கு இடமில்லை.

இகழ்ச்சிக்கு வேறு நூற்பா உண்டு. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணையும் பாலும் வழுவி வருதலை நன்னூலார் அமைத்துக்கொண்டார். எனவே, மக்களுள் ஒருவரை இழிப்பினால் அது எனச் சுட்டுவோர், சுட்டப்படுவாரது இயல்பை உரைத்தாரல்லர். தம் நெஞ்சின் இழிப்பையே உரைத்தார். வழு சொன்னவர்பாலது, சொல்லப்பட்டவர்பாலது அன்று. இது இலக்கணத்தாற் பெறப்படும் உண்மை.

இலக்கிய வழக்கு

பெண், பெட்டை, பெடை, பேடை, பேடு என்பன ஓரினச் சொற்கள். அவற்றுட் சில பறவையின் பெண்ணையும் உணர்த்தும் என்பது மரபியலால் அறியப்படும். இதனால் பேடி என்பது தோற்றத்திலேயே வசைச்சொல் அன்று. பெண்மையை உணர்த்துஞ் சொல்லே என்பது போதரும்.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடு என்பதும் ஒன்று. தன் மகன் அநிருத்தன் வாணாசுரனது சோநகரில் சிறைப்பட்ட காலத்துக் காமன் பேடிக்கோலங் கொண்டு அங்கு ஆடிய கூத்து அது. மணிமேகலையில் புகார் வீதியிலே மக்கள் திரண்டு பேடிக்கூத்தைக் கண்டு நிற்றல் கூறப்படும். விராடன் நகரில் அருச்சுனன் பிருகந்நளையாய் இருந்து அரசன் மகளுக்கு ஆடல் பயிற்றினமை பாரதத்தால் அறியப்படும். கூத்தும் அரண்மனையும் இச்சொல்லுக்கு இடமளித்தன.

அக்காலத்தேயே மற்றொரு வழக்கும் எழுந்தது. திருக்குறள் 614, 727 ஆகிய இரு குறட்பாக்களிலும் பேடியின் கையிலுள்ள வாள் பயனிலாமைக்கு உவமையாயிற்று. போரஞ்சும் ஆடவனைப் பேடி என வையும் பிற்கால வழக்கிற்கு இத்தகைய உவமை வழி திறந்தது. ஆயினும் பரிமேலழகர் அவ்விடத்துப் பேடி என்பதற்குப் பொருள் கூறுங்கால், பெண்ணியல்பு மிகுந்து ஆணியல்பும் உடையவள் எனப் பெண்பாலாலேயே முடித்தார். உவமையில் இகழ்ச்சி புகுந்த இடத்தும் உரையாசிரியர் ஈற்றைப் பிழைத்திலர்.

நாலடியார் இன்னும் ஒருபடி சென்றது. பிறர்மனை நயந்த தீவினையே மறுபிறப்பில் ஒருவரை அலியாக்கி ஆடியுண்டு திரியச் செய்யும் என அச்சமண நூல் கூறிற்று. ஈண்டுச் சொல் குற்றத்தின் அடையாளமாயிற்று. கூத்தினாற் பெற்ற இடம் கூத்தினாலேயே பழியாயிற்று. பழந்தமிழ் வழக்கில் இழிவு ஓர் ஏரணம் பெற்று நின்ற இடம் இதுவே எனலாம்.

திருமுறை வழக்கும் சித்தாந்தமும்

இதனோடு திருமந்திரத்தை ஒப்புநோக்குக. திருமூலர் கருவுற்பத்தி கூறுமிடத்து, தாய்தந்தையரது உயிர்ப்பு வலத்தும் இடத்தும் இயங்குமாறு பற்றி ஆணும் பெண்ணும் பிறக்கும் என்றும், இரண்டும் ஒத்து நிற்பின் அலி பிறக்கும் என்றும் கூறினார். இக்கால உடல்நூலார் கூறும் காரணம் இதனின் வேறு. ஆயினும் திருமூலர் மூன்றற்கும் ஒரே முறையாற் காரணங் கூறினமையும், மூன்றாவதற்கு மட்டும் பழி ஒன்றைத் தனியே சேர்க்காமையும் நினைவிற் கொள்ளற்பாலன.

மாணிக்கவாசக சுவாமிகள் திருவண்டப்பகுதியிலும் திருவெம்பாவையிலும் இறைவனைப் பெண் என்றும் ஆண் என்றும் அலி என்றும் அடுக்கிப் போற்றினார். நம்மாழ்வாரோ ஆணும் அல்லன், பெண்ணும் அல்லன், அலியும் அல்லன் என எதிர்மறையாற் கூறினார். உடன்பாட்டாற் கூறினும் எதிர்மறையாற் கூறினும் மூன்றும் நிகராய் எண்ணப்பட்டன. இறைவன் யாவுமாய் நிற்பன் என்பார்க்கு அலியை விடுத்து எண்ணுதல் இயலாது; யாவுங் கடந்தவன் என்பார்க்கும் அவ்வாறே.

ஈண்டு ஒரு மயக்கங் களைதல் வேண்டும். இறைவன் மாதொருபாகனாய் நிற்றல் அருளும் அவனும் பிரிவிலாமையைக் காட்டும் திருக்கோலம். அதனை மக்களது உடல் உள்ள நிலைகளோடு ஒன்றாக்கி உரைத்தல் சித்தாந்த முறைக்கு ஒவ்வாது. மக்கட்டன்மையை நிலைநாட்டுதற்கு அத்துணை நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதுமில்லை.

அதே நடுநாட்டில், திருவெண்ணெய்நல்லூரில், 13ஆம் நூற்றாண்டில் எழுந்தருளிய மெய்கண்ட தேவர் சிவஞானபோத முதற் சூத்திரத்தில் உலகை அவன், அவள், அது என முக்கூறாக்கி, அம்மூன்றும் தோன்றி நின்று ஒடுங்குந் தொழிலுடையன என்றார். எனவே ஆண், பெண் என்னும் பகுப்பு தோன்றி ஒடுங்கும் உடம்பைப் பற்றியது, ஆன்மாவைப் பற்றியதன்று. உடம்பு மாயையின் காரியம். அது கன்மத்திற்கு ஏற்ப வருவது என்பது எல்லா உடம்பிற்கும் பொதுவிதி. ஆணுடம்பும் பெண்ணுடம்பும் கன்மத்தின் வழியவே. பொதுவிதியை ஒருசாரார்மேல் மட்டும் ஏற்றி அவரைப் பழித்தல் சித்தாந்தமாகாது.

இனி, மார்கழி விடியலில் திருவெம்பாவை ஓதுவார் வாயில் அலி என்பது துதியாய் நிற்கின்றது. அவ்வாறு ஓதி மீள்வார் தெருவிலே ஒருவரைக் கண்டு அச்சொல்லையே வசையாக எறிதல் உண்டு. சொல் ஒன்றே, சொல்லும் நெஞ்சு இரண்டு.

சட்டத்தில் நுழைந்த சொற்கள்

ஆங்கில ஆட்சியில் சொல்லின் இழிவு சட்டத்திலும் ஏறிற்று. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கை நெறிக்கு மாறானது என்னுந் தொடரால் ஒருசார் உறவுகளைக் குற்றமாக்கிற்று. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி இத்தகையோரைப் பதிவேட்டில் எழுதிக் கண்காணிக்க வகைசெய்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் நிலை வேறு. பிரான்சில் 1791இல் இயன்ற தண்டச் சட்டம் அவ்வுறவுகளைக் குற்றமாக எண்ணாது விட்டது. புதுச்சேரி 1954இல் இந்தியாவோடு இணைந்தபின், 1963இல் இந்தியத் தண்டச் சட்டம் இந்நிலத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. வயது முதிர்ந்தார் இருவர் மனமொத்துக் கூடுதல் குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தது.

அரவாணியும் திருநங்கையும்

20ஆம் நூற்றாண்டில் பேடி என்பது கோழையையும், அலி என்பது வெறும் வசையையும் உணர்த்துவனவாய் இழிந்தன. ஒன்பது என்னும் எண்ணுப்பெயரும் வசையாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் அரவாணி என்னுஞ் சொல் அவற்றின் இடத்தில் பரவிற்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திங்களில் நிகழும் கூத்தாண்டவர் விழாவே அதன் பிறப்பிடம். அருச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த அரவான் களப்பலியாதல் பெருந்தேவனார் பாரதவெண்பாவிலும் வில்லிபாரதத்திலும் கூறப்படும். பலியாகுமுன் கண்ணன் மோகினியாய் அவனை மணந்தான் என்பது நாட்டார் வழக்கு. அரவானுக்கு மனைவியாவார் அரவாணி. பழைய வசைகளின் இடத்தே அது ஒரு தெய்வத்தோடு உறவு கற்பித்தது. ஆயினும் தாலி பூண்ட மறுநாளே அதனை அறுத்துக் கைம்மை பூணும் சடங்கொன்றினின்றும் எடுத்த பெயர் வாழ்நாள் முழுவதற்கும் பொருந்துமோ என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவிற்கு விடையாய் நிலைபெற்றது திருநங்கை. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டரசு இவர்கட்கு நலவாரியம் அமைத்தது. அரவாணிகள் நலவாரியம் என்றும் திருநங்கைகள் நலவாரியம் என்றும் அது வழங்கப்பெற்றமை, சொல்மாற்றம் நடந்த காலத்தையே காட்டுகின்றது. நங்கை என்பது பெண்டிருட் சிறந்தாளை உணர்த்தும். உமையம்மையை நங்கை என்றும், இறைவனை நங்கைபாகன் என்றும் வழங்குதல் சைவர்க்குப் புதிதன்று. பெண்ணுடலிற் பிறந்து ஆண்மை பூண்டாரைக் குறிக்கும் திருநம்பி என்பதன்கண் உள்ள நம்பி, ஆடவருட் சிறந்தானை உணர்த்துவது. கூவாகம் உள்ள அதே நடுநாட்டில் திருநாவலூரில் அவதரித்த நம்பியாரூரர் திருப்பெயரிலும், திருமுறை வகுத்த நம்பியாண்டார் நம்பி திருப்பெயரிலும் விளங்குவது. இருவரையும் உள்ளடக்கித் திருநர் என்றலும் உண்டு.

இச்சொல்லை மங்கல வழக்கு எனலாமோ எனின், ஆகாது. சுடுகாட்டை நன்காடு என்றல் மங்கலம். அமங்கலமாகிய பொருளை மறைத்துக் கூறுதல் அதன் இயல்பு. திருநங்கை என்பதன்கண் மறைக்கப்படும் அமங்கலம் யாதும் இல்லை. திரு என்பது திருமுறை, திருவடுகூர் என்புழிப்போலச் சிறப்புணர்த்தி நின்றது. பேடி வந்தாள் எனப் பண்டைய உரையாளர் முடித்த முடிபே திருநங்கை வந்தாள் எனத் தொடர்கின்றது. திருமுறையில் உள்ளமையின் அலி என்றே அழைப்பேம் என்பாரும் உளர். இறைவனைப் பாடிய சொல் இறைவனைப் பாடுமிடத்து நிற்க. அழைக்குஞ் சொல்லோ, அழைக்கப்படுவார் செவியில் யாதாய் விழுகின்றது என்பது பற்றியே தகுதி பெறும்.

2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம்மை ஆண் எனவோ பெண் எனவோ மூன்றாம் பாலினத்தவர் எனவோ தாமே துணிந்து உரைக்கும் உரிமையுடையர் எனத் தீர்த்தது. அவாவுவதே பாலை வரையறுக்கும் என்ற நன்னூலார் கருத்தோடு இத்தீர்ப்பு ஒருபுடை ஒத்தல் காண்க. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்னுஞ் சொல் திருநங்கையையும் தழுவும் எனப் பொருள் கொண்டது. சொற்பொருளாராய்ச்சியே ஒருத்தியின் மணவாழ்க்கையை நிலைநிறுத்திற்று. 2022இல் தமிழ்நாட்டரசு, அந்நீதிமன்றத்தின் ஆணைவழி, இவ்வகையார் அனைவரையும் மதிப்புடன் குறித்தற்குரிய சொற்றொகுதியை அரசிதழில் வெளியிட்டது. ஒத்தபாலாரை நாடுதலைத் தன்பாலீர்ப்பு என்றும், ஆணுடற்கூறும் பெண்ணுடற்கூறும் விரவிப் பிறத்தலை ஊடுபால் என்றும் இக்காலத்து வழங்குவர். இவை உடல், உள்ளத்துணிபு, நாட்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதைத் தெளிவிக்கின்றன. பழைய சொற்கள் இம்மூன்றையும் ஒன்றாக மயக்கின.

நாலடியார் ஆடியுண்டலைப் பழியாக்கிற்று என முன்னர்க் கண்டாம். தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற திருநங்கையாகிய நர்த்தகி நடராஜ் அவர்கள் 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆடல் மீண்டும் சிறப்பின் அடையாளமாயிற்று.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், பேடி என்பது தோற்றத்தில் வசையன்று என்பதும், இலக்கணநூலார் அப்பெயருடையாரை உயர்திணையினின்றும் நீக்கினாரல்லர் என்பதும், அஃறிணை முடிபு சொல்வடிவு பற்றியதே என்பதும், இழிவு உவமையாலும் பழிகற்பித்தலாலும் பின்னர் ஏறியது என்பதும், திருநங்கை முதலிய புதுச்சொற்கள் பழைய இலக்கண நெறியை மீட்டனவே என்பதும் பெறப்பட்டன.

பழந்தமிழ் கற்றார் சிலர் புதுச்சொற்களைப் புறநாட்டு வரவு என ஒதுக்குவர். தம் நூலையே அவர் மீண்டும் நோக்குவாராக. எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் ஆசிரியன், தன் மாணாக்கருள் ஒருவன் பேடி என எள்ளப்படுங்கால், கிளவியாக்கத்து அந்நூற்பாவை விரித்துரைப்பானாயின் அது இலக்கணப் பாடமும் ஆம். ஓர் உயிரைக் காக்கும் அறமும் ஆம். சொல்லை வழுவின்றி ஆளுதல் புலவர் கடன். அடியார்க்கு அது சிவத்தொண்டும் ஆகும்.

திருச்சிற்றம்பலம்.